விடிய விடியக் கூத்து, நாலு டிபி டிஸ்க்

கூத்து வாத்தியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "துண்டு துண்டா வேணாம் தம்பி. ராத்திரி களரி கட்டினதுல இருந்து விடியக்காலம் மங்களம் பாடற வரைக்கும் முழுசா வேணும். பசங்க பாத்துக் கத்துக்கணும்."

ஆரணிக்குப் பக்கத்து ஊரில் திரௌபதை அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மூன்று இரவுகளைப் படம் பிடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு கேமரா களத்துக்கு நேரெதிரே ஸ்டாண்டில், ராத்திரி முழுக்க அசையாமல். இன்னொன்று என் கையில், முகத்துக்கும் அடவுக்கும். மூன்றாவது ஒரு செல்போன். வேஷம் கட்டும் கொட்டகையில் அரிதாரம் பூசுவதிலிருந்து கிரீடம் கட்டுவது வரை என்னோடு வந்த பையன் அதில் பிடித்தான்.

திருமண வீடியோ எடிட் செய்து பழகியவன் நான். ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு மணி நேரப் பதிவு வரும், பத்து நாளில் ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். கூத்தின் கணக்கு வேறு என்று எனக்குப் புரிந்தது நாலாம் நாள் காலை, கார்டுகளை எல்லாம் டிஸ்கில் இறக்கி முடித்த பிறகுதான்.

கேமரா இரண்டும் 4கே, நொடிக்கு 25 ஃப்ரேம், நொடிக்கு 100 மெகாபிட், எச்.264 என்ற கோடெக் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை). இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, கை விரலில் வைத்துக்கொள்ளலாம்: மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. ஸ்டாண்ட் கேமரா எட்டு மணி நேரம், 360 ஜிபி. கை கேமரா விட்டு விட்டு ஐந்து மணி நேரம், 225 ஜிபி. செல்போன் ஒன்றரை மணி நேரம், முப்பது ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஆக ஓர் இரவுக்கு 600 ஜிபியைத் தாண்டுகிறது. மூன்று இரவுக்கும் சேர்த்து 43 மணி நேரத்துச் சொச்சம், 1.85 டிபி.

என்னிடம் இருந்தவை இரண்டு 4 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். ஒன்றில் வேலை, இன்னொன்றில் அப்படியே ஒரு நகல். 4 டிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் 3.63 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. இடம் ஒன்றும் காணாமல் போகவில்லை. 1.85 போக பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று தைரியமாக டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறந்தேன்.

மூன்று கோணத்தையும் மல்டிகேமில் அடுக்கி ப்ளே கொடுத்தால் படம் ஓடவில்லை. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் திரையை விலக்கி உள்ளே வருகிறான், ஒரு நொடி நிற்கிறான், அடுத்து களத்தின் மறு ஓரத்தில் இருக்கிறான். நடுவில் வந்த ஆறேழு அடி எங்கே போனதென்று தெரியவில்லை. ஓர் ஃப்ரேம் பின்னால் நகர்த்தினால் அரை நொடி யோசித்துவிட்டு வருகிறது. தாளத்தில் வெட்ட வேண்டிய வேலை இது. மிருதங்கத்தின் அடி எந்த ஃப்ரேமில் விழுகிறதென்று பார்க்க முடியாவிட்டால் கூத்தை எடிட் செய்யவே முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை எனக்கு நானே ஒரு கடைக் கணக்காகச் சொல்லிக்கொண்ட பிறகுதான் தெளிவு வந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் மாதம் ஒன்றாம் தேதி மட்டும் இருப்பை எழுதுகிறார். மற்ற நாளெல்லாம் வரவு, செலவு மட்டும். நோட்டு மெலிசாக இருக்கும். ஆனால் பதினேழாம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எச்.264-உம் எச்.265-உம் கேமராவில் எழுதும் விதம் இதுதான். அரை நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம், நடுவில் உள்ள ஃப்ரேம்களில் மாற்றம் மட்டும். அதிலும் சில ஃப்ரேம்கள் முன்னால் உள்ளதை மட்டும் பார்ப்பதில்லை, பின்னால் வரப்போவதையும் பார்த்து எழுதப்பட்டவை. நேராக ஓட்டிப் பார்க்க இது நல்ல ஏற்பாடு. முன்னும் பின்னும் தாவி வெட்டுகிறவனுக்கு ஒவ்வொரு தாவலும் ஒரு கூட்டல் கணக்கு. மூன்று கேமரா என்றால் ஒரே நேரத்தில் மூன்று நோட்டு.

இடைநிலைக் கோடெக் என்பது தினமும் இருப்பை எழுதும் நோட்டு. ஆப்பிளின் ப்ரோரெஸ், ஆவிடின் டிஎன்எக்ஸ்எச்டி, டிஎன்எக்ஸ்எச்ஆர், கோப்ரோ கைக்குப் போய் 2017-இல் திறந்த மூலமாக வெளியான சினிஃபார்ம் எல்லாமே இந்த வகை. ஒவ்வொரு ஃப்ரேமும் தன்னளவில் முழுப் படம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருப்பு அங்கேயே இருக்கும். ப்ராசஸருக்கு வேலை குறையும், நோட்டு தடிமனாகும்.

நான் ஆரணியில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்ற காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. மினி டிவி (MiniDV) கேசட் ஓடிய நாட்கள் அவை. அதன் டிவி (DV) கோடெக் நொடிக்கு 25 மெகாபிட், மணிக்கு ஒலியோடு சேர்த்து 13 ஜிபி, ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி. அதாவது கேமராவே எடிட்டுக்குத் தோதான நோட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. பென்டியம் 4 கம்ப்யூட்டரில் எந்த ஃப்ரேமுக்கும் கைபோட்டால் வந்து நிற்கும். 2006-இல் எச்.264-இல் எழுதும் ஏவிசிஎச்டி என்ற கேமரா வடிவம் அறிவிக்கப்பட்டு, பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டுக்கும் எச்.264 கேமராக்கள் வந்து சேர்ந்தபோதுதான் "படம் நல்லா இருக்கு, ஓட மாட்டேங்குது" என்ற புகார் ஸ்டுடியோக்களில் தொடங்கியது. ப்ரோரெஸ் வந்தது 2007-இல். மூத்த எடிட்டர்கள் சிலர் இன்றைக்கும் "அந்தக் காலத்து கம்ப்யூட்டர் நல்லா ஓடிச்சு" என்று சொல்வார்கள். ஓடியதற்குப் பெரும் காரணம் கோடெக்.

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் ப்ரோரெஸ் எச்க்யூ-ல மாத்திடு, தரமும் ஏறும், ஸ்மூத்தாவும் ஓடும்" என்றார். மாற்றத் தொடங்கினேன். 4கே, 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 எச்க்யூ நொடிக்கு 737 மெகாபிட். மேலே சொன்ன பெருக்கலைப் போட்டால் மணிக்கு 332 ஜிபி. அதை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. முதல் இரவின் கை கேமராப் பதிவு ஐந்து மணி நேரம் மட்டும் 1.6 டிபியைத் தாண்டியது. ஸ்டாண்ட் கேமராவில் ஒன்றரை மணி நேரம் ஏறுவதற்குள் டிஸ்க் நிறைந்துவிட்டது. முழுதும் மாற்றியிருந்தால் 14 டிபிக்கு மேல் கேட்டிருக்கும்.

மாறிய மட்டிலாவது ஓடுகிறதா என்று பார்த்தேன். அதுவும் தத்தியது. இதுதான் எனக்கு உறைத்த இடம். 737 மெகாபிட் என்பது நொடிக்கு 92 மெகாபைட். என் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கும் நாளில் 130 மெகாபைட் கொடுக்கும். ஒரு கோணம் ஓடும், இரண்டாவது கோணத்தைச் சேர்த்தால் டிஸ்கின் ஊசி இங்கேயும் அங்கேயும் ஓடிக் களைத்துவிடும். ப்ராசஸர் தோளில் இருந்த மூட்டையை இறக்கி டிஸ்கின் தலையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். படம் தத்தும்போது சிபியூ நூறைத் தொட்டால் கோடெக் கனம், டிஸ்க் நூறைத் தொட்டால் பிட்ரேட் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது) கனம். எதை மாற்ற வேண்டும் என்று அந்த ஒரு பார்வையே சொல்லிவிடும். நான் இதைச் செய்யாமல் இரண்டு நாளைத் தொலைத்தேன்.

"தரம் ஏறும்" என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பி டிஸ்க் மேல் டிஸ்க் வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் கேமரா எழுதியது 8 பிட், 4:2:0. வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு, நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். சிவப்புச் சாயம் பூசிய முகத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு படிப்படியாக, மாடிப்படி போல இறங்கும். அதை 10 பிட், 4:2:2 ப்ரோரெஸில் மாற்றினால் அந்த மாடிப்படி அப்படியே, மிகவும் கவனமாக, ஏழு மடங்கு இடத்தில் பாதுகாக்கப்படும். கேமரா பிடிக்காத நிறத்தைக் கோடெக் கொண்டுவராது. எச்க்யூ, 4444 போன்றவை நல்ல கேமராவின் ரா (raw) பதிவோ 10 பிட் பதிவோ கையில் இருக்கும்போது, அல்லது கிராஃபிக்ஸ் ஆளுக்கும் கலரிஸ்டுக்கும் கைமாறிப் போகும்போது தேவைப்படுபவை.

எச்க்யூ கோப்புகளை அழித்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 4கே, 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 என்றால் 492 மெகாபிட், மொத்தம் 9.6 டிபி. எல்டி என்றால் 342 மெகாபிட், 6.7 டிபி. பெயரிலேயே ப்ராக்ஸி (வெட்டும் வேலைக்கு மட்டும் எடுக்கும் லேசான நகல்) என்று உள்ளதுகூட 4கே அளவில் 151 மெகாபிட், கிட்டத்தட்ட 3 டிபி. மூலத்தைவிட அதுவே பெரிது. அளவைக் குறைக்காமல் கோடெக்கின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 1080-க்கு இறக்கினால் ப்ரோரெஸ் ப்ராக்ஸி 38 மெகாபிட், டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி 36 மெகாபிட். 43 மணி நேரச் சொச்சமும் சுமார் 700 ஜிபியில் அடங்கிவிடும். நொடிக்கு ஐந்து மெகாபைட்டுக்கும் கீழே. மூன்று கோணம் ஓடினாலும் பதினைந்து.

ப்ரோரெஸா, டிஎன்எக்ஸ்எச்ஆரா என்று கேட்டால், இந்த அளவில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் எது சுலபமாக எழுதும் என்பதே கேள்வி. மேக் வைத்திருப்பவர் ப்ரோரெஸ் போகட்டும். என்னுடையது விண்டோஸ் லேப்டாப், ரிசால்வ் தானாகவே டிஎன்எக்ஸ்எச்ஆர் எழுதும். எல்பி, எஸ்க்யூ, எச்க்யூ மூன்றும் 8 பிட், அதற்கு மேல் பிட் வேண்டுமானால் எச்க்யூஎக்ஸ். பெயரில் எச்க்யூ இருப்பதால் ப்ரோரெஸ் எச்க்யூவும் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, "எம்ஓவி-யா மாத்திட்டேன்" என்று சொல்பவர்கள் நிறைய பேர். எம்ஓவி, எம்பி4, எம்எக்ஸ்எஃப் எல்லாம் பெட்டிகள். எம்ஓவி பெட்டிக்குள் அதே எச்.264 இருந்தால் எதுவும் மாறியிருக்காது.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸி அளவை ஹாஃப் என்றும், வகையை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்றும் வைத்தேன். ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்கி ப்ராக்ஸி அதில் விழும்படி செய்தேன். இரண்டரை நாள் லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது, அடியில் இரண்டு செங்கல் கொடுத்துக் காற்றோட்டம் விட்டிருந்தேன். முடிந்த பிறகு கட்டியங்காரன் திரையை விலக்கி ஒவ்வொரு அடியாக வந்தான். கீபோர்டின் ஜே, கே, எல் பட்டன்களில் முன்னும் பின்னும் ஓட்டினேன், மிருதங்கக்காரர் கை தோலில் படும் ஃப்ரேமில் போய் நின்றது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியை எடிட் செய்கிறவர்கள் அறிவார்கள்.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. மூன்று விஷயம் என்னைக் கஷ்டப்படுத்தியது, மூன்றுமே யாருக்கும் நடக்கக்கூடியவை.

முதலாவது பெயர். கார்டை ஃபார்மட் செய்ததும் என் கேமரா எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மூன்று இரவிலும் சி0003 என்று ஒரு கோப்பு இருந்தது. ஒருமுறை விண்டோஸ் டிஸ்குக்குத் தரும் எழுத்து (டி, இ என்பது) மாறிப்போய் ப்ராக்ஸிகளைக் கையால் மீண்டும் இணைக்க வேண்டி வந்தது. இரண்டாம் இரவு சி0003-க்கு முதல் இரவின் ப்ராக்ஸி போய் ஒட்டிக்கொண்டது. டைம்லைனில் துச்சாதனன் நிற்கிறான், ப்ராக்ஸியை அணைத்தால் அதே இடத்தில் பாஞ்சாலி நிற்கிறாள். அன்று அரை நாள் உட்கார்ந்து சரி பார்த்தேன். இப்போது கார்டிலிருந்து இறக்கியதும், ரிசால்வைத் திறப்பதற்கு முன், இரவு, கேமரா, கார்டு எண் மூன்றையும் முன்னொட்டாகச் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுகிறேன். ப்ராக்ஸி எடுத்த பிறகு பெயரைத் தொடுவதில்லை. கேமராவில் டைம்கோடை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பதியும் நேர எண்) நாளின் நேரத்துக்கு வைத்துவிடுவதும் உதவுகிறது. மணி இரண்டரைக்கு நடந்த காட்சி எந்தக் கேமராவில் தேடினாலும் இரண்டரையில் இருக்கும்.

இரண்டாவது செல்போன். கொட்டகையில் ஒரு நடிகர் முகம் எழுதிக்கொண்டே, வெளியே நடக்கும் பாட்டுக்கு விரலால் தொடையில் தாளம் போடுகிறார். அருமையான ஷாட், நாற்பது நிமிடம் ஓடும் ஒரே பதிவு. தொடக்கத்தில், தனியாக ஓடிய ஒலி ரெக்கார்டரின் பதிவோடு பொருத்தினால் பத்தாவது நிமிடத்தில் விரல் பிந்துகிறது, இருபதாவது நிமிடத்தில் ஓரளவு சேர்கிறது, முப்பதில் மறுபடி விலகுகிறது. இரண்டு கருவிகளின் கடிகார வேறுபாடு என்றால் விலகல் ஒரே சீராக, மணிக்குச் சில ஃப்ரேம் என்ற அளவில் ஏறிக்கொண்டே போகும். முன்னுக்குப் பின் அலைந்தால் அது மாறும் ஃப்ரேம் ரேட். செல்போன் வெளிச்சம் குறையும்போது தன் இஷ்டத்துக்கு 30-ஐ 24, 27 என்று இறக்கி எழுதிவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று காட்டிவிடும்.

இதற்கு ப்ராக்ஸி மருந்தல்ல. மூலமே ஆடுகிறது. செல்போன் கோப்புகளை மட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வழியாக நிலையான ஃப்ரேம் ரேட்டில், 4கே அளவில், டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூவுக்கு மாற்றினேன். கடைசி வரை எடிட்டில் இருக்கப் போவது இந்த நகல்தான் என்பதால் இங்கே பிட்ரேட்டில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றவும் இல்லை, உபயோகிக்கப் போகும் நாற்பது ஐம்பது நிமிடத்தை மட்டும். ஆக இடைநிலைக் கோடெக்குக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று வீடு கட்டும்போது போடும் சாரம் மாதிரி, வேலை முடிந்ததும் பிரித்துவிடுவது. இன்னொன்று சுவரிலேயே போகும் செங்கல். எந்தக் கோப்பு எது என்று தொடக்கத்திலேயே தனித்தனி ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். சாரத்தை அழிக்கிறேன் என்று செங்கலை உருவிவிடக் கூடாது.

மூன்றாவது ரெண்டர், அதாவது எடிட்டை இறுதிக் கோப்பாக எழுதுவது. கூத்துக் குழுவுக்காக மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கிய ஒரு வடிவத்தை இரவில் ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தூங்கினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக முடிந்திருந்தது. அதுவே சந்தேகம் தந்திருக்க வேண்டும். பெரிய திரையில் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசினது போல் மழுங்கல், பந்தலுக்குப் பின்னால் இருட்டு வானத்தில் கட்டம் கட்டமாக இருள். டெலிவர் பக்கத்தில் யூஸ் ப்ராக்ஸி மீடியா என்ற டிக் விழுந்திருந்தது. எல்பியிலிருந்து ரெண்டர் ஆகியிருக்கிறது. அதைவிட மோசம், நிறத் திருத்தத்தில் ஒரு பகுதியையும் ப்ராக்ஸியை வைத்தே செய்திருந்தேன். மூலத்துக்கு மாறியதும் சிவப்பு வேறு மாதிரி தெரிந்தது, அந்தப் பகுதியை மறுபடி செய்தேன். இப்போது வெட்டு முடிந்ததும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டுத்தான் கலர் பக்கத்துக்குப் போகிறேன். கலரில் ஒரு நேரத்தில் ஒரு கோணம்தான் ஓடுகிறது, கொஞ்சம் தத்தினாலும் வேலை நடக்கும்.

இடம் மிச்சம் பிடிக்க இன்னொரு யோசனையும் சோதித்துப் பார்த்தேன். மூலங்களையே எச்.265-க்கு மாற்றி மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டு அசலை அழித்துவிடலாமா என்று. சோதனைக்கு லேசான பகுதியை எடுக்கக் கூடாது, கஷ்டமான பகுதியைத்தான் எடுக்க வேண்டும். கர்ணன் கிறிக்கி அடிக்கும், அதாவது சுழன்றாடும், இரண்டு நிமிடத்தை எடுத்தேன். கற்பூரப் புகை, பின்னால் ஒற்றை ஃபோகஸ் விளக்கு, தோளில் கட்டும் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் சுழலச் சுழல மின்னும். அசலில் ஒவ்வொரு சில்லும் தனித்தனி மின்னல். மாற்றியதில் தோள் முழுக்க ஒரே வெள்ளைத் தீற்றல், புகை இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. ஸ்டாண்ட் கேமராவின் தூரக் காட்சியில் இது அவ்வளவாகத் தெரியவில்லை. நிஜமாகவே இடமில்லாதவர் அதில் மட்டும் செய்யலாம். கை கேமராவில் நான் செய்ய மாட்டேன். அந்தக் கட்டையை இழைத்துக் கண்ணாடி பதித்தவருக்கு அது நியாயமில்லை.

இடம் உண்மையில் மிச்சமானது வேறு வழிகளில். ஜெனரேட்டர் நின்று பத்து நிமிடம் இருட்டாக ஓடியது, கேமராவைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது, இப்படிப் பயனில்லாத பகுதிகளை லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் மூலம் மறுபடி என்கோட் செய்யாமலேயே வெட்டி எடுத்தேன். முழுப் படம் உள்ள ஃப்ரேமில்தான் சுத்தமாக வெட்ட முடியும், அதனால் முன்னும் பின்னும் இரண்டு நொடி விட்டு வெட்டினேன். கை கேமராவில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரிசால்வின் கேச் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அங்கே 100 ஜிபிக்கு மேல் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தது. வேலை முடிந்ததும் ப்ராக்ஸி 700 ஜிபியும் அழிந்தது, மூலமும் ப்ராஜெக்ட் கோப்பும் இருந்தால் இரண்டரை நாளில் திரும்ப உருவாக்கிவிடலாம். அழிப்பதற்கு முன் நகல் டிஸ்கில் உள்ள கோப்புகளை ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு ஒப்பிட்டேன். திறந்து பார்த்தால் ஓடுகிறதே என்பது போதாது, முதல் பத்து நொடி ஓடும் கோப்பு நாற்பதாவது நிமிடத்தில் உடைந்திருக்கலாம்.

இவ்வளவும் சொன்னாலும், எல்லோருக்கும் இடைநிலைக் கோடெக் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புது மேக்கிலும் புது இன்டெல் லேப்டாப்பிலும் எச்.264, எச்.265 இரண்டையும் பிரிக்கத் தனி வன்பொருள் இருக்கிறது. ஒற்றைக் கேமரா, 8 பிட் என்றால் மாற்றாமலேயே வெட்டிவிடலாம். முதலில் பத்து நிமிடத்தை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். தத்தவில்லை என்றால் ஒரு ஜிபியும் செலவழிக்க வேண்டியதில்லை. 10 பிட், 4:2:2 பதிவு வரும்போது கவனம் தேவை, எச்.265-இல் அதைப் பிரிக்கும் வன்பொருள் இன்டெலில் 11-ஆம் தலைமுறையை ஒட்டித்தான் வந்தது, என்விடியாவில் 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு வைத்திருப்பவருக்கு வேறு வழியே இல்லை. அது எச்.264-ஐத் திறக்காது, ஏஏசி ஒலியையும் எடுக்காது. அவர் மாற்றித்தான் ஆக வேண்டும், அவருக்கு 1080 வேலைக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்க்யூ நல்ல நடுவழி.

வாத்தியார் கேட்ட முழு இரவுக்கு வருகிறேன். ஸ்டாண்ட் கேமரா கோப்புகளை என்கோட் செய்யாமல் அப்படியே ஒன்றோடொன்று ஒட்டி, ஓர் இரவுக்கு 360 ஜிபி வீதம் ஒரு டிஸ்கில் போட்டேன். அது குழுவின் சொத்து, பெட்டியில் இருக்க வேண்டியது. ஆனால் அதை அவர்கள் வீட்டு டிவி ஓட்டாது. பசங்க பார்ப்பதற்கென்று 1080 அளவில் 8 மெகாபிட் எச்.264 ஒன்று தனியாக எடுத்தேன். மணிக்கு 3.7 ஜிபி. டிவிக்காரர்களின் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. அதனால் மணிக்கு ஒன்றாக எட்டுத் துண்டு. துண்டு வேண்டாம் என்றாரே என்று தயங்கித்தான் சொன்னேன்.

"பரவால்ல தம்பி, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வருதுல்ல?" என்றார். வந்தது. திண்ணையில் டிவியை வைத்து நாலாவது துண்டைப் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே அடவை ஏழெட்டுத் தடவை பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் டிவி அரை நொடி யோசித்துவிட்டு எங்கோ ஓரிடத்தில் போய் நின்றது. இரண்டு மூன்று நொடி தள்ளி, அவன் கேட்ட இடத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த எட்டுத் துண்டையும் மறுபடி எடுத்தேன், கீஃப்ரேம் (முழுப் படம் உள்ள ஃப்ரேம்) இடைவெளியை அரை நொடியாக வைத்து.